இளவயதுக் கர்ப்பமும் பேறுகால முன்கவனிப்பும்

கருவுற்ற பெண்ணை நோய் தோன்றிய பின்னரே மருத்துவர் காண வேண்டும் என்னும் கருத்து உலகில் நெடுங்காலம் நிலவி வந்தது. பிரசவ வேதனை தொடங்கும்வரை அவளைக் கவனிப்பது தாயும் மாமியும் மருத்துவச்சியும் மட்டுமே ஏற்க வேண்டிய பொறுப்பாகக் கருதப்பட்டது. 1901-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ மகப்பேற்று மருத்துவமனையில், ஜான் வில்லியம் பாலன்டைன் என்னும் மருத்துவரின் முயற்சியால், பிரசவகாலம் வந்தடையாத கர்ப்பிணிகளுக்கென ஒரே ஒரு கட்டில் ஒதுக்கப்பட்டது. இன்று பேறுகால முன்கவனிப்பு என வழங்கும் துறையின் தொடக்கங்களுள் அந்த ஒரு கட்டிலும் ஒன்றாகும்.

இத்துறையின் அடிப்படைக் கொள்கை எளியது. ஆபத்தை, அது முற்றுவதற்கு முன்பே கண்டறிந்து தடுப்பதே அது. ஆயினும் இக்கொள்கை பயன் தருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கர்ப்பிணி உரிய காலத்தில் வர வேண்டும். ஒருமுறை வந்தவள் மீண்டும் மீண்டும் வர வேண்டும். இருபது வயது நிரம்பாத கர்ப்பிணிகளிடத்தில் இந்நிபந்தனை எளிதில் நிறைவேறுவதில்லை என்பது பல நாடுகளின் அனுபவம். எவருக்கு இக்கவனிப்பு மிகுதியாக வேண்டுமோ அவரே கடைசியில் வருகின்றனர். இதற்குக் காரணங்கள் யாவை, அவற்றை நீக்கும் வழிகள் யாவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்கள் காட்டும் நிலை

வருமானம் குறைந்த நாடுகளிலும் இடைத்தர வருமானமுள்ள நாடுகளிலும், 2019-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி, 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களிடையே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் கர்ப்பங்கள் நிகழ்கின்றன என உலக சுகாதார ஸ்தாபனம் தெரிவிக்கிறது. இவற்றுள் ஏறக்குறையப் பாதி, பெண்கள் திட்டமிடாதவை.

நம் நாட்டில் 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்போது, 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களுள் 6.8 சதவிகிதத்தினர் தாய்மாராகவோ கர்ப்பிணிகளாகவோ இருந்தனர். அதற்கு முந்திய ஆய்வில் இது 7.9 சதவிகிதமாக இருந்தது. கர்நாடக மாநிலத்தில் இவ்விகிதம் 7.8-லிருந்து 5.4 ஆகக் குறைந்தது, தமிழ்நாட்டிலோ 5.0-லிருந்து 6.3 ஆக உயர்ந்தது. ஆகவே கல்வியும் மருத்துவ வசதியும் பெருகிய மாநிலங்களிலும் இப்பிரச்சினை தானாக மறைந்துவிடும் என எண்ணுவதற்கில்லை.

அதே ஆய்வில் வேறோர் எண்ணும் கவனிக்கத்தக்கது. இந்நாட்டில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களுள் 59.1 சதவிகிதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். அதாவது, இவ்வயதில் கருவுறும் பெண்களுள் பலர் கர்ப்பம் தொடங்கும் முன்னரே இரத்தக் குறைவுடன் இருக்கின்றனர்.

வளரும் உடலில் வளரும் சிசு

பூப்பெய்துவதுடன் பெண்ணின் வளர்ச்சி முடிந்துவிடுகிறது எனப் பலர் நினைக்கின்றனர். இது சரியன்று. பூப்பெய்திய பின்னரும் சில ஆண்டுகள் உயரம் கூடுகிறது. இடுப்பெலும்பின் வளர்ச்சி அதற்குப் பின்னும் தொடர்கிறது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேர்வதும் இப்பருவத்தில்தான் மிகுதி. இவ்வளர்ச்சி நிறைவுறும் முன் கருவுறும் பெண்ணின் உடலில் ஒரே உணவை நாடி இரண்டு வளர்ச்சிகள் போட்டியிடுகின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள காம்டன் நகரில் தெரசா ஷோல் என்பவரும் அவருடைய குழுவினரும் நிகழ்த்திய ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது. தாமே இன்னும் வளர்ந்துகொண்டிருந்த இளம் கர்ப்பிணிகள் போதிய அளவு எடை கூடியிருந்தும், அவர்களுடைய குழந்தைகள் வளர்ச்சி முடிந்த பெண்களின் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறந்தன. தாயின் உடல் தனக்கென ஒரு பங்கை வைத்துக்கொண்டது என்பதே இதன் பொருள்.

இடுப்பெலும்பு போதிய அகலம் அடையாதிருப்பின் குழந்தையின் தலை இறங்குவதற்குத் தடை ஏற்படும். 20 முதல் 24 வயதுவரையுள்ள தாய்மாரோடு ஒப்பிடுகையில், 10 முதல் 19 வயதுவரையுள்ள தாய்மாருக்கு இரத்த அழுத்தத்தால் விளையும் வலிப்பு நோயும், பிரசவத்திற்குப் பின் கருப்பையில் தோன்றும் அழற்சியும், உடல் முழுதும் பரவும் தொற்றுகளும் மிகுதி என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அவர்களுடைய குழந்தைகளும் எடை குறைந்தோ காலத்திற்கு முன்போ பிறப்பது அதிகம்.

இவ்வாபத்துகளுட் பல, எளிய முறைகளால் கண்டறியத்தக்கவை என்பதே ஆறுதல் தரும் செய்தி. இரத்த அழுத்தம் அளத்தல், சிறுநீரில் புரதம் உண்டா எனப் பார்த்தல், இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைக் காணல், எடை பார்த்தல், வயிற்றின் வளர்ச்சியை அளத்தல் ஆகியவற்றிற்குப் பெரிய கருவிகள் வேண்டா. ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைவாயின் இரத்தசோகை. 7 கிராமுக்குக் குறைவாயின் அது கடுமையானது. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் அடங்கிய மாத்திரையை 180 நாள் உட்கொள்ள வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. இம்மாத்திரையைக் காப்பி, தேநீருடனோ சுண்ணாம்புச் சத்து மாத்திரையுடனோ சேர்த்து உட்கொண்டால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறைகிறது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற புளிப்புப் பொருள்களுடன் உட்கொண்டால் மிகுகிறது.

ஆனால் 180 நாள் மாத்திரைக்கு இடம் வேண்டுமாயின் முதல் வருகை காலத்தே நிகழ வேண்டும். ஏழாம் மாதத்தில் முதன்முறையாக வரும் பெண்ணுக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ 90 நாள்களே. இந்நாட்டில் குறைந்தது நான்கு பரிசோதனைகள் விதிக்கப்பட்டுள்ளன. முதலாவது 12 வாரங்களுக்குள்ளும், இரண்டாவது 14 முதல் 26 வாரங்களுக்குள்ளும், மூன்றாவது 28 முதல் 34 வாரங்களுக்குள்ளும், நான்காவது 36-ஆம் வாரத்திற்குப் பின்னும் நிகழ வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ஆம் ஆண்டில் இவ்வெண்ணிக்கையை எட்டாக உயர்த்திப் பரிந்துரை செய்தது.

முதல் வருகை ஏன் தாமதமாகிறது?

தொலைவு ஒன்றே காரணமாயின், பெருநகரங்களில் இத்தாமதம் இருத்தலாகாது. பெங்களூரின் கிழக்குப் பகுதியில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையத்தை எடுத்துக்கொள்வோம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் படைகள் பெங்களூரில் தண்டு இறங்கியபோது, அவற்றைத் தொடர்ந்து தமிழ் மாவட்டங்களிலிருந்து குடியேறியோர் பலர். அல்சூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ் இன்றும் வீட்டுமொழியாகக் கேட்கப்படுவது அதனால்தான். இங்கிருந்து சிவாஜி நகரிலுள்ள பௌரிங் – லேடி கர்சன் மருத்துவமனையும் கோஷா மருத்துவமனையும் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. பிரசவமும், அறுவைச் சிகிச்சையும், மருந்தும், பரிசோதனையும், போக்குவரவும் அரசு மருத்துவமனைகளில் இலவசம் என 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜனனி–சிசு சுரக்ஷா திட்டம் உறுதி கூறுகிறது.

எனினும் இத்தகைய பகுதியொன்றில் வாழும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கருவுற்றாள் எனக் கற்பனை செய்வோம். மாதவிடாய் தவறுவது இவ்வயதில் புதிதன்று. ஆகவே முதல் இரண்டு மாதங்கள் ஐயத்திலேயே கழிகின்றன. ஐயம் உறுதியான பின்னரும், மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லலாகாது, கண்ணேறு படும் என வீட்டுப் பெரியோர் தடுக்கின்றனர். தாய்மாமனுக்கே மணமுடித்துக் கொடுக்கப்பட்டவளாயின் தாய்வீடும் மாமியார் வீடும் ஒரே குடும்பம். அவள் தன் அச்சத்தைச் சொல்லிக்கொள்ள வேறு வீடு இல்லை. மணமாகாதவளாயின் மறைத்தல் இன்னும் நீள்கிறது. கணவன் நாட்கூலி வேலைக்குச் செல்பவன்; அவன் உடன் வந்தால் அன்றைய கூலி இல்லை. மருத்துவமனையில் வரிசையில் நிற்கையில், தன் தாயின் வயதுள்ள பெண்கள் தன்னை உற்று நோக்குவதாக அவள் உணர்கிறாள். "இந்த வயதிலேயா?" என்னும் ஒரு கேள்வி, கேட்டவர் மறந்துவிடும் சிறு சொல்லாயினும், அவள் அடுத்த மாதம் வராமலிருப்பதற்குப் போதுமானது.

மொழியும் ஒரு தடையாகலாம். கர்நாடகத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வழங்கப்படும் தாயி கார்டில் பரிசோதனை நாள்களும் முடிவுகளும் குறிக்கப்படுகின்றன. பள்ளியில் கன்னடம் பயின்ற பெண் அதைப் படித்துவிடுவாள். தமிழ் மட்டும் அறிந்த அவளுடைய பாட்டியோ மாமியோ படிக்க இயலாது. ஆனால் அவள் மருத்துவமனைக்குச் செல்ல அனுமதி தருவோர் அவர்களே. ஆகவே அறிவுரை கர்ப்பிணியின் காதில் விழுந்தால் மட்டும் போதாது. வீட்டில் முடிவு செய்வோரின் மொழியிலும் அது சொல்லப்பட வேண்டும்.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நிகழ்த்திக் கர்ப்பிணியைச் சிறப்பிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்விழாவில் உற்றார் காட்டும் அக்கறை போற்றத்தக்கதே. மருத்துவ நோக்கில் அவ்வக்கறை மூன்றாம் மாதத்திலேயே தேவைப்படுகிறது என்பதை மட்டும் குடும்பத்தார் உணர வேண்டும்.

சட்டமும் மருத்துவமனையும்

பதினெட்டு வயது நிரம்பாத கர்ப்பிணியின் அச்சங்களுள் மிகப் பெரியது வேறொன்று. 1978-ஆம் ஆண்டு முதல் பெண்ணின் திருமண வயது 18. கர்நாடக மாநிலம் 2016-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் குழந்தைத் திருமணங்களைத் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை ஆக்கியது. பாலியல் குற்றங்களினின்றும் குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்டவளுக்கு எதிராக இழைக்கப்பட்ட குற்றத்தை அறிந்த எவரும், மருத்துவர் உட்பட, அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; தவறினால் தண்டனை உண்டு. மணமானவள் என்பது இதற்கு விலக்கு ஆகாது என்பதை உச்ச நீதிமன்றத்தின் 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெளிவாக்கியது.

இச்சட்டங்களின் நோக்கம் பெண்குழந்தையைக் காப்பதே. அவை இல்லாத காலத்தின் துன்பத்தை நாடு நன்கறியும். ஆனால் ஒரு விளைவு கருதத்தக்கது. மருத்துவமனைக்குச் சென்றால் கணவனோ தந்தையோ சிறை செல்ல நேரும் என அஞ்சும் குடும்பம், அவளை வீட்டிலேயே வைத்துவிடுகிறது; அல்லது 19 வயது எனப் பொய் சொல்லி அழைத்து வருகிறது. வயது தவறாகக் குறிக்கப்பட்ட அட்டையில் அவளுக்குரிய ஆபத்துகளும் மறைந்துவிடுகின்றன. காக்கும் பொருட்டு எழுப்பிய சுவரே அவளை மருத்துவரிடமிருந்து பிரிக்கிறது.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இச்சிக்கலின் ஒரு பகுதிக்குத் தீர்வு கண்டது. கருக்கலைப்பை நாடி வரும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்கு அனுப்பும் தகவலில் அவளுடைய பெயரையும் பிற அடையாளங்களையும் வெளியிட வேண்டியதில்லை எனத் தீர்ப்பளித்தது. கர்ப்பத்தைத் தொடரும் பெண்ணுக்கு இத்தகைய தெளிவான ஏற்பாடு அத்தீர்ப்பில் இல்லை. ஆகவே மருத்துவமனையின் கடமை இரண்டாகிறது: சட்டம் கோரும் தகவலை அளித்தல், அதே வேளையில், அத்தகவலால் அவளுக்குச் சிகிச்சை நின்றுவிடாது என்பதை அவளுக்கும் வீட்டாருக்கும் அமைதியாக எடுத்துரைத்தல். தகவல் தருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது நன்று; பின்னர் வேறொருவர் வாயிலாக அறிந்தால் நம்பிக்கை கெடும். குழந்தைகளுக்கான 1098 என்னும் தொலைபேசி உதவியையும் அப்போதே அறிவிக்கலாம்.

உதவித் திட்டங்களும் இதே சிக்கலைச் சந்தித்துள்ளன. 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டத்தில், மருத்துவமனைப் பிரசவங்கள் மிகுந்த மாநிலங்களில் 19 வயது நிரம்பியவர்களுக்கே பணவுதவி என்னும் நிபந்தனை முதலில் இருந்தது. இளவயதுத் திருமணத்தை ஊக்குவிக்கலாகாது என்பது அதன் கருத்து. ஆனால் உதவி மிகத் தேவைப்பட்டவளே அதனால் விலக்கப்பட்டாள். 2013-ஆம் ஆண்டு மே மாதம் மருத்துவமனைப் பிரசவங்களுக்கு அந்நிபந்தனை நீக்கப்பட்டது. இளவயதுத் திருமணத்தைத் தடுப்பது திருமணத்திற்கு முன் செய்ய வேண்டிய பணி. கருவுற்ற பின் அப்பெண்ணைத் தண்டிப்பது தடுப்பாகாது.

கோஷா மருத்துவமனைகள் கற்பிக்கும் பாடம்

வர மறுப்பவரை எவ்வாறு வரவழைப்பது என்னும் வினா நம் நாட்டு மருத்துவத்திற்குப் புதிதன்று. கோஷா என்பது அயலார் கண்ணில் படாது திரைக்குள் வாழும் வழக்கத்தைக் குறிக்கும் சொல். 19-ஆம் நூற்றாண்டில் அவ்வழக்கத்தில் இருந்த பெண்கள் ஆண் மருத்துவர் உள்ள பொது மருத்துவமனைக்கு வர மறுத்தனர். வீட்டிலேயே மாண்டோர் பலர். சென்னையில் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், திரையை விட்டு வருக என அவர்களை வற்புறுத்தவில்லை. 1885-ஆம் ஆண்டில் பெண் மருத்துவர்களைக் கொண்டு அவர்களுக்கெனத் தனி மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுவே. ஹாஜி சர் இஸ்மாயில் சேட்டின் கொடையால் பெங்களூரில் எழுந்த கோஷா மருத்துவமனையின் பெயரும் அதே வரலாற்றைச் சொல்கிறது.

பெண்கள் மாறும்வரை காத்திராமல், மருத்துவமனை தன்னை மாற்றிக்கொண்டது. இன்றைய இளம் கர்ப்பிணியைச் சுற்றியுள்ள திரை துணியால் ஆனதன்று; நாணத்தாலும் அச்சத்தாலும் ஆனது. ஆயினும் தீர்வு அதே திசையில்தான் உள்ளது.

மீண்டும் வரச் செய்யும் முறைகள்

2010-ஆம் ஆண்டில் பிரிட்டனின் தேசிய மருத்துவத் தரநிலை நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகள் 20 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகளுக்கெனத் தனிப் பகுதி ஒன்றைக் கொண்டுள்ளன. அவர்களுடைய வயதுக்கேற்ற சேவை, பெயர் அறிந்த ஒரே செவிலியின் தொடர்ச்சியான கவனிப்பு, சம வயதினரோடு குழுவாகக் கற்கும் வாய்ப்பு, மருத்துவமனைக்கு வந்து செல்ல உதவி, குழந்தையின் தந்தையையும் சேர்த்துக்கொள்ளல் ஆகியவை அவற்றின் சாரம்.

வீடு தேடிச் செல்லும் முறைக்கும் நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் எல்மைரா என்னும் சிற்றூரில், 1970-களின் பிற்பகுதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் முதற்குழந்தையைச் சுமந்த பெண்களிடம் செவிலியரை ஒழுங்காக அனுப்பிச் சோதித்தார். அவர்களுள் பலர் இளவயதினர். மிக இளையோரின் குழந்தைகள் எடை கூடிப் பிறந்தமை அங்குக் காணப்பட்டது. ஆனால் இதே முறை 2007-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் பின்பற்றப்பட்டு, 2016-ஆம் ஆண்டில் அதன் ஆய்வு முடிவுகள் வெளியானபோது, குழந்தையின் எடையிலோ இரண்டாவது கர்ப்பம் தள்ளிப்போவதிலோ வழக்கமான சேவையைவிட மேலான பயன் தெரியவில்லை. இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. வழக்கமான சேவை எல்லார்க்கும் எட்டும் நாட்டில் கூடுதல் முயற்சியால் விளையும் பயன் குறைவு. அது எட்டாத இடத்தில் பயன் மிகுதியாகலாம். ஆகவே பிறநாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடுவதைவிட, நம்மிடம் உள்ள அமைப்பில் எவ்விடத்தில் பெண் நழுவிப் போகிறாள் எனக் காண்பதே முதற்பணி.

அவ்வமைப்பு நம்மிடம் இல்லாமல் இல்லை. ஆஷா பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் தெருவறிந்தவர்கள். 2016-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாளில் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை மருத்துவர் இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டம் நடைபெறுகிறது. அதில் ஆபத்து மிகுந்தவரின் அட்டையில் சிவப்பு ஒட்டு இடப்படுகிறது. 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய இளம்பருவத்தினர் சுகாதாரத் திட்டத்தின் கீழ் இவ்வயதினருக்கான ஆலோசனை நிலையங்களும் உள்ளன. இவற்றை இணைக்கும் சில சிறு மாறுதல்களே வேண்டும்.

முதலாவதாக, இளம் கர்ப்பிணிகளுக்கு வரிசையில் தனி நேரமோ தனி அறையோ ஒதுக்கலாம். இரண்டாவதாக, முதல் வருகையில் அவளைச் சில நிமிடங்களாவது தனியே சந்தித்துப் பேச வேண்டும். மாமியின் முன்னிலையில் அடியும் பசியும் வெளிவரா. மூன்றாவதாக, பதிவின்போது வயதையும் திருமணத்தையும் பற்றிய வினாக்களைப் பிறர் செவியில் விழாதவாறு கேட்க வேண்டும். நான்காவதாக, குறித்த நாளில் வராதவளை மூன்று நான்கு நாள்களுக்குள் ஆஷா பணியாளர் வீட்டில் சென்று காண வேண்டும். கண்டிப்பதற்காக அன்று, வராத காரணத்தை அறிவதற்காக. ஐந்தாவதாக, சிவப்பு ஒட்டு அவள்மேல் சுமத்திய பழியன்று, அவளுக்கு முதலிடம் தரும் அடையாளம் என்பதை வீட்டாருக்கு விளக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை.

பிரசவத்திற்குப் பின்

குழந்தை பிறந்ததுடன் இக்கவனிப்பு முடிந்துவிடுவதில்லை. ஒரு குழந்தை பிறந்தபின் அடுத்த கருத்தரிப்பு வரை குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைக்கிறது. வளர்ச்சி முடியாத தாய்க்கு இவ்விடைவெளி இன்னும் இன்றியமையாதது. முதற்பேற்றில் இழந்த இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அதற்குள்தான் மீள வேண்டும். கருத்தடை முறைகளைப் பற்றிய பேச்சைப் பிரசவத்திற்குப் பின் தொடங்குவது தாமதமாகும். பேறுகாலப் பரிசோதனைகளின்போதே, கணவனையும் வைத்துக்கொண்டு பேசத் தக்கது அது. படிப்பை நிறுத்தியவள் மீண்டும் பள்ளி செல்லவோ தனித் தேர்வு எழுதவோ உள்ள வழிகளை எடுத்துக் கூறுவதும் மருத்துவத்திற்குப் புறம்பானதன்று. படித்த தாய் தன் மகளை இளவயதில் மணமுடித்துக் கொடுக்கத் தயங்குவாள்.

ஒவ்வொரு பரிசோதனை முடிவிலும் செவிலியர் அடுத்த நாளைக் குறித்துக் கொடுக்கின்றனர். அந்நாளில் அவள் வருவாளா என்பதை முடிவு செய்வது அட்டையிலுள்ள தேதியன்று; இன்று அவள் எவ்வாறு நடத்தப்பட்டாள் என்பதே. இளம் கர்ப்பிணியிடம் காட்டும் மரியாதையை மருத்துவமனைகள் நற்குணம் என்று மட்டும் கருதாமல், இரத்த அழுத்தக் கருவியையும் இரும்புச் சத்து மாத்திரையையும் போலவே சிகிச்சையின் ஓர் உறுப்பாகக் கொள்ளுமாயின், முதல் வருகை மூன்றாம் மாதத்திலேயே நிகழும். நான்காவது வருகையும் தவறாது.